விலை ஏறுவது தெரிந்தது, ஊதியம் ஏறுமா என்பது தெரியவில்லை: ஜப்பானின் 2014 நுகர்வு வரி உயர்வும் குடும்பச் செலவும்

2014 மார்ச் மாதத்தில் ஜப்பானியக் குடும்பங்களின் செலவு, விலைவாசி மாற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 7.2 சதவீதம் கூடியிருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அந்நாடு காணாத உயர்வு அது. அடுத்த மாதமே செலவு 4.6 சதவீதம் குறைந்தது. மே மாதத்தில் சரிவு 8 சதவீதத்தைத் தொட்டது. இந்த மூன்று மாதங்களில் ஊதியங்கள் பெரிதாக மாறவில்லை, வேலையின்மை கூடவில்லை, பெரிய வங்கி எதுவும் விழவில்லை. ஏப்ரல் 1 அன்று நுகர்வு வரி 5 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக உயர்ந்தது என்பதே நடந்த மாற்றம். அது உயரப்போகிறது என்ற செய்தி ஆறு மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

குடும்பங்கள் எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கின்றன, அந்த நினைப்பு செலவை எப்படி மாற்றுகிறது என்பதைப் பொதுவாக அளந்து பார்ப்பது கடினம். வேலை போய்விடுமோ என்ற அச்சம் எந்தத் தேதியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த நிகழ்விலோ வரி எவ்வளவு, எந்த நாளிலிருந்து, எப்போது அறிவிக்கப்பட்டது என்பவை மூன்றும் தெளிவாகத் தெரியும். அதோடு ஜப்பானில் சுமார் ஒன்பதாயிரம் குடும்பங்கள் அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புக்காக நாள்தோறும் வரவுசெலவு எழுதுகின்றன. இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ வாழும் வீடுகள் ஆறு மாதங்கள் தொடர்ந்து எழுத வேண்டும். எந்தப் பொருளை எப்போது வாங்கினார்கள் என்பது வரைக்கும் பதிவாகியிருப்பதால், எதிர்பார்ப்பு செலவாக மாறும் இடத்தை இங்கே நெருங்கிப் பார்க்க முடிகிறது.

ஒரு வீடு போடும் இரண்டு கணக்குகள்

வருங்காலத்தைப் பற்றி ஒரு குடும்பம் போடும் கணக்குகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. முதலாவது விலையைப் பற்றியது: அடுத்த மாதம் விலை ஏறும் என்றால் இன்றே வாங்கிவிடுவது லாபம். இரண்டாவது வருமானத்தைப் பற்றியது: இனிவரும் ஆண்டுகளில் கைக்கு வரும் பணத்தால் எவ்வளவு வாங்க முடியும் என்ற மதிப்பீடு. மில்டன் ஃபிரீட்மன் 1957-இல் முன்வைத்த நிரந்தர வருமானக் கருதுகோள் இந்த இரண்டாவது கணக்கைப் பற்றியதுதான். மக்கள் இந்த மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்துச் செலவிடுவதில்லை, நீண்ட காலத்தில் தங்களுக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் வருமானத்தைப் பார்த்தே செலவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். ஆகவே ஒருமுறை மட்டும் வரும் பணத்தின் பெரும்பகுதி சேமிப்புக்குப் போகும். இழப்பு நிலையானது என்று தெரிந்தாலோ, அந்த இழப்பு வருவதற்கு முன்பே செலவு சுருங்கத் தொடங்கும்.

விலை ஏறப்போகிறது என்ற செய்தி இந்த இரண்டு கணக்குகளையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. முதல் கணக்கின்படி உடனே வாங்க வேண்டும். ஊதியமும் கூடவே ஏறும் என்று நம்பாத வீட்டுக்கு, இரண்டாவது கணக்கின்படி அதே செய்தி ஒரு சம்பளக் குறைப்பு அறிவிப்பு. ஹங்கேரியில் பிறந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1940-களில் நுகர்வோர் மனநிலை ஆய்வைத் தொடங்கிய ஜார்ஜ் கட்டோனா இதைத் தொடக்கத்திலேயே கவனித்தவர். வாங்கும் சக்தி வேறு, வாங்கும் விருப்பம் வேறு என்று பிரித்துப் பார்த்த அவர், பணவீக்க அச்சம் அமெரிக்கக் குடும்பங்களை அதிகமாகச் சேமிக்கவே தூண்டியது என்று வாதிட்டார். 2013-இல் டோக்கியோவில் வகுக்கப்பட்ட கொள்கை, என் பார்வையில், முதல் கணக்கின்மீது முழு நம்பிக்கை வைத்து இரண்டாவதைக் குறைத்து மதிப்பிட்டது.

கொள்கையும் அறிவிப்பும்

வரி உயர்வுக்கான சட்டம் 2012 ஆகஸ்டில், யோஷிஹிகோ நோடா பிரதமராக இருந்தபோது, ஆளுங்கட்சியும் முக்கிய எதிர்க்கட்சிகளும் உடன்பட்டு நிறைவேற்றியது. 2014 ஏப்ரலில் 8 சதவீதம், 2015 அக்டோபரில் 10 சதவீதம் என்பது திட்டம். 2012 டிசம்பரில் ஷின்சோ அபே பிரதமராக ஆட்சிக்கு வந்தார். 2013 ஜனவரியில் நாட்டின் மத்திய வங்கியான ஜப்பான் வங்கி 2 சதவீதப் பணவீக்க இலக்கை ஏற்றது; ஏப்ரல் 4 அன்று புதிய ஆளுநர் ஹருஹிகோ குரோடா, சுமார் இரண்டு ஆண்டுகளில் அந்த இலக்கை அடைவோம் என்றும், அதற்காக அடிப்படைப் பண அளவை (புழக்கத்திலுள்ள ரொக்கமும் வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் தொகையும்) இரட்டிப்பாக்குவோம் என்றும் அறிவித்தார்.

இதன் பின்னாலிருந்த தர்க்கம் எளிமையானது. பதினைந்து ஆண்டுகளாக விலைகள் தேங்கியோ இறங்கியோ இருந்த நாட்டில், பணத்தை வைத்திருப்பதால் எந்த நட்டமும் இல்லை. காத்திருந்தால் பொருள் மலிவாகக் கிடைக்கவும் கூடும். சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அப்போது 0.02 சதவீதம்தான் வட்டி. விலைகள் ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறும் என்று மக்கள் நம்பத் தொடங்கினால், வங்கியில் கிடக்கும் பணம் கண்முன்னே மதிப்பிழக்கும். ஆகவே அவர்கள் செலவிடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது.

எதிர்பார்ப்பை மாற்றும் முதல் பாதி வேலை உண்மையில் நடந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பான் வங்கி காலாண்டுதோறும் பொதுமக்களிடம் நடத்தும் கருத்தாய்வில், ஓராண்டில் விலைகள் ஏறும் என்று சொன்னவர்கள் 2013-இன் நடுப்பகுதியில் சுமார் பத்தில் எட்டுப் பேர். ஆனால் அதே ஆய்வு இன்னொரு கேள்வியையும் கேட்கிறது: விலை ஏறியிருப்பதாக உணர்பவர்கள் அதை நல்லதாகக் கருதுகிறார்களா, சிரமமாகக் கருதுகிறார்களா? பெரும்பான்மையோர் சிரமம் என்றே பதிலளித்தனர். கொள்கை வகுத்தவர்கள் முதல் கேள்வியின் பதிலை வெற்றியாகப் பார்த்தார்கள். இரண்டாவது கேள்விக்கான பதில் அதே அளவு கவனம் பெற்றிருக்க வேண்டும்.

2013 அக்டோபர் 1 அன்று, திட்டமிட்டபடி வரி உயரும் என்று அபே உறுதிப்படுத்தினார்.

அறிவிப்புக்கும் ஏப்ரலுக்கும் இடையில்

வரி 5-லிருந்து 8 ஆனால், வரியுடன் சேர்த்து 105 யென்னுக்கு விற்ற பொருள் 108 யென் ஆகும். விலையேற்றம் சுமார் 2.9 சதவீதம். வரிக்கு முன் ஒன்றரை லட்சம் யென் விலையுள்ள குளிர்பதனப் பெட்டியை மார்ச் மாதத்துக்குள் வாங்கினால் 4,500 யென் மிச்சம். நிலத்துக்கு நுகர்வு வரி இல்லை. ஆனால் கட்டடச் செலவு 2 கோடி யென் என்றால் வித்தியாசம் 6 லட்சம் யென். அதனால்தான் மாற்றம் முதலில் தெரிந்த இடம் வீட்டுக் கட்டுமானம். 2013 செப்டம்பர் 30-க்குள் கட்டுமான ஒப்பந்தம் போட்டுவிட்டால், வீட்டை ஒப்படைப்பது ஏப்ரலுக்குப் பிறகு என்றாலும் பழைய வரியே பொருந்தும் என்ற விதி இருந்தது. பிரதமர் உறுதிப்படுத்துவதற்கு முன்பே அந்தக் கெடு முடிந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தை நம்பி முன்கூட்டியே முடிவெடுத்தவர்களால் 2013-இல் தொடங்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை 11 சதவீதம் உயர்ந்து சுமார் 9.8 லட்சத்தை எட்டியது. அடுத்த ஆண்டு அது சுமார் 8.9 லட்சமாகக் குறைந்தது. அந்தப் பாய்ச்சலைத் தணிக்க வீட்டுக்கடனுக்கான வரிச்சலுகையை அரசு உயர்த்தியிருந்தும் இந்த நிலை.

அடுத்து கார்கள், குளிர்சாதனங்கள், துணி துவைக்கும் இயந்திரங்கள். கடைசி வாரங்களில் அரிசி, சலவைத்தூள், கழிப்பறைக் காகிதம் போன்றவற்றைக் குடும்பங்கள் மொத்தமாக வாங்கி அடுக்கின. ரயில் நிலையங்களில் பருவச்சீட்டுக்கு வரிசைகள் நீண்டன. மார்ச் 31-க்குள் ஆறு மாதச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் வரை பழைய கட்டணத்தில் போய்வரலாம். தங்கம் விற்கும் கடைகளிலும் கூட்டம். ஜப்பானில் தங்கத்தை வாங்கும்போது வரி செலுத்துவது போலவே, திருப்பி விற்கும்போது வரியும் சேர்த்த விலை கிடைக்கும். 5 சதவீதத்தில் வாங்கி 8 சதவீதத்தில் விற்கலாம் என்று கணக்கிட்டவர்கள் அந்த வரிசைகளில் இருந்தார்கள். மார்ச் மாதச் சில்லறை விற்பனை முந்தைய ஆண்டைவிட 11 சதவீதம் உயர்ந்தது.

இதில் ஒரு பகுதி வரியோடு தொடர்பில்லாதது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு ஏப்ரல் தொடக்கத்தில் முடிவதாக இருந்ததால் பழைய கணினிகளை மாற்றுவதும் அதே மாதங்களில் நிகழ்ந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் படம் மாறாது. முன்கூட்டி வாங்கப்பட்டவை எல்லாம் நீடித்து உழைப்பவை, அல்லது அலமாரியில் வைக்கக்கூடியவை. உணவகச் சாப்பாட்டையும் முடிவெட்டுவதையும் எவரும் ஆறு மாதங்களுக்குச் சேர்த்து வாங்கிவைக்க முடியாது. 1997-இல் வரி 3-லிருந்து 5 சதவீதமானபோது குடும்பங்கள் எழுதிய கணக்குகளை டேவிட் காஷின், தகாஷி உனயாமா என்ற இருவர் இந்த அடிப்படையில் பிரித்து ஆராய்ந்தார்கள். இருப்பு வைக்கக்கூடியவற்றையும் நீடித்து உழைப்பவற்றையும் தனியே எடுத்துவிட்டால், விலை மாற்றத்துக்காக நுகர்வை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு நகர்த்தும் போக்கு மிகச் சிறியது என்பதே அவர்கள் கண்டது. அலமாரியில் பத்துக் கட்டுக் காகிதம் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக எவரும் கூடுதலாக நுகர்ந்துவிடவில்லை. அந்த மார்ச் மாதப் பாய்ச்சலைப் பார்த்து, விலையேற்ற எதிர்பார்ப்பு மக்களை நுகரத் தூண்டுகிறது என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறாகிறது.

சரிவு ஏன் நீண்டது

முதல் கணக்கு மட்டுமே வேலை செய்திருந்தால், ஏப்ரலிலும் மே மாதத்திலும் விழுந்த செலவு, வீட்டிலிருந்த இருப்பு தீரத் தீர, கோடை முடிவதற்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அரசும் ஜப்பான் வங்கியும் அதையே எதிர்பார்த்தன. ஜூன் மாதத்தில் சரிவு 3 சதவீதமாகச் சுருங்கியபோது அது மெய்ப்படுவதுபோலத் தோன்றியது. ஆனால் ஜூலையில் அது மீண்டும் 5.9 சதவீதமாக ஆழப்பட்டது. மோசமான கோடை வானிலை காரணமாகச் சொல்லப்பட்டது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் செப்டம்பரிலும் 5.6 சதவீதம், டிசம்பரிலும் 3 சதவீதத்துக்கு மேல் என்று தொடர்ந்து, 2014 ஏப்ரலிலிருந்து 2015 ஏப்ரல் வரை பதின்மூன்று மாதங்களும் குடும்பச் செலவு முந்தைய ஆண்டைவிடக் குறைவாகவே இருந்தது. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஆண்டு வீதத்தில் சுமார் 7 சதவீதம் சுருங்கியது. நவம்பர் 18 அன்று அபே இரண்டாம் கட்ட உயர்வைத் தள்ளிவைத்துத் தேர்தலை அறிவித்தார்.

பதின்மூன்று மாதங்களை வானிலையோ அலமாரியில் இருந்த சலவைத்தூளோ விளக்க முடியாது. விளக்கத்தை இரண்டாவது கணக்கில்தான் தேட வேண்டும்.

சம்பளம் வாங்குபவர்களைப் பார்ப்போம். 2014 வசந்தகால ஊதியப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு பெற்றுத் தந்த சராசரி உயர்வு 2.07 சதவீதம். பதினைந்து ஆண்டுகளில் முதன்முறையாக 2 சதவீதத்தைத் தாண்டியதால் அது கொண்டாடப்பட்டது. ஆனால் அதில் பெரும்பகுதி, வயதும் பணிக்காலமும் கூடுவதால் ஆண்டுதோறும் எப்படியும் கிடைக்கும் உயர்வு. ஊதிய அட்டவணையே உயர்ந்த அளவு மிகக் குறைவு. மேலும் அது சங்கம் உள்ள நிறுவனங்களின் நிலை. ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பகுதிநேர, ஒப்பந்த, தற்காலிகப் பணியாளர்கள். பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் பெரும்பாலும் இல்லை. இன்னொரு பக்கம் நுகர்வோர் விலைக் குறியீடு, வரியும் சேர்ந்து, மே மாதத்தில் 3.7 சதவீதம் ஏறியது. முடிவில் அந்த நிதியாண்டில் உண்மை ஊதியம், அதாவது விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்த ஊதியம், 3 சதவீதம் குறைந்தது.

ஓய்வூதியம் பெறுவோரின் நிலை இதைவிடக் கடுமையானது, இதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்பட்டது. விலைகள் இறங்கிய ஆண்டுகளில் குறைக்காமல் விட்ட ஓய்வூதியத்தைச் சரிசெய்வதற்காக, அரசு அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருந்தது. 2013 அக்டோபரில் 1 சதவீதம் குறைந்தது. 2014 ஏப்ரலில், வரி உயர்ந்த அதே மாதத்தில், மேலும் 0.7 சதவீதம் குறைந்தது. 65 வயதைக் கடந்தவர்கள் அப்போது மக்கள்தொகையில் நான்கில் ஒருவர். எண்பது வயதில் தனியாக வாழும் ஒருவருக்கு, கூடுதல் நேரம் உழைத்து ஈடுகட்டும் வழி கிடையாது. வரி உயர்வு தற்காலிகமல்ல, அடுத்த கட்டமும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது, ஓய்வூதியமோ இறங்குகிறது என்று அறிந்த அந்தக் குடும்பம் செலவைக் குறைத்ததை அவநம்பிக்கை என்றோ பழைய மனப்போக்கு என்றோ சொல்வது அநியாயம். கையிலிருந்த தகவலைக் கொண்டு அவர்கள் போட்ட கணக்கு சரியானது. குறைந்த வருமானத்தினருக்கு ஒருமுறை கொடுக்கப்பட்ட 10,000 யென் உதவித்தொகை, நிலையான விலையேற்றத்துக்கு எதிரே நிற்கும் அளவுக்குப் போதவில்லை.

அமைச்சரவை அலுவலகத்தின் நுகர்வோர் நம்பிக்கைக் குறியீட்டில் இந்த மனமாற்றத்தை முன்கூட்டியே காண முடிந்தது. வாழ்க்கை நிலை, வருமான வளர்ச்சி, வேலைவாய்ப்பு, நீடித்து உழைக்கும் பொருட்களை வாங்க இது ஏற்ற காலமா என்ற நான்கு கேள்விகளிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. 2013 மே மாதத்தில் 45-ஐத் தாண்டியிருந்த குறியீடு 2014 ஏப்ரலில் 37 அளவுக்கு இறங்கியது. கடைகளில் கூட்டம் பெருகிய மாதங்களிலேயே நம்பிக்கை சரிந்துகொண்டிருந்தது என்பதுதான் இதில் முக்கியமானது. விலை பற்றிய எதிர்பார்ப்பு செலவின் நேரத்தை முன்னால் இழுத்தது. வருமானம் பற்றிய எதிர்பார்ப்பு செலவின் அளவைக் குறைத்தது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் நடந்தன.

ஜெர்மனியோடு ஓர் ஒப்பீடு

விலையேற்ற எதிர்பார்ப்பு கொள்முதலைத் தூண்டும் என்பதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ஜெர்மனி. 2005 தேர்தலில் அங்கேலா மெர்க்கலின் கட்சி மதிப்புக்கூட்டு வரியை 16-லிருந்து 18 சதவீதமாக்கக் கோரியது. சமூக ஜனநாயகக் கட்சி எந்த உயர்வும் கூடாது என்று பிரசாரம் செய்தது. இரண்டும் சேர்ந்து கூட்டணி அமைத்தபோது, நவம்பரில், 2007 ஜனவரி முதல் வரி 19 சதவீதம் என்று அறிவித்தன. எவரும் எதிர்பாராத அந்த அறிவிப்புக்குப் பிறகு, பெரிய பொருட்களை வாங்க இது ஏற்ற நேரம் என்று சொன்ன ஜெர்மானியர்களின் விகிதம், மற்ற ஐரோப்பிய நாடுகளின் ஒத்த குடும்பங்களோடு ஒப்பிடும்போது தெளிவாக உயர்ந்ததை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2013 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கி வருங்கால வட்டி பற்றிச் சொன்ன வாக்குறுதி அதே குடும்பங்களை அசைக்கவில்லை என்பதும் அவர்கள் கண்டதே. வங்கியின் மொழி வீட்டுக்குப் புரியவில்லை, கடையில் ஏறப்போகும் விலை புரிந்தது.

ஆனால் ஜெர்மனியில் இரண்டாவது கணக்கு அந்த அளவுக்கு எதிராக இல்லை. வரி வருவாயின் ஒரு பகுதியைக் கொண்டு வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தா 6.5 சதவீதத்திலிருந்து 4.2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேலையில்லாதோர் எண்ணிக்கை 2005-இல் சுமார் 49 லட்சமாக இருந்தது, 2007-இல் 38 லட்சத்துக்கும் கீழே வந்தது. அங்கும் 2007 தொடக்கத்தில் நுகர்வு இறங்கியது என்றாலும், பொருளாதாரம் சுருங்கவில்லை. இரு நாடுகளின் வேறுபாட்டுக்கு உலகப் பொருளாதாரச் சூழல் உட்படப் பல காரணங்கள் உண்டு. இருந்தாலும் ஜெர்மானிய முடிவை ஜப்பானிய ஓய்வூதியரின் வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது.

2019-உம் அதற்குப் பிறகும்

இரண்டு முறை தள்ளிப்போன 10 சதவீத வரி 2019 அக்டோபரில் வந்தது. இம்முறை அரசு கவனமாக இருந்தது: உணவுக்கு 8 சதவீதமே நீடித்தது, சிறு கடைகளில் ரொக்கமின்றி வாங்கினால் 5 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தது, மழலையர் கல்வி இலவசமாயிற்று. வரி 2 புள்ளிகளே கூடியபோதும் செப்டம்பரில் செலவு 9.5 சதவீதம் எகிறி, அக்டோபரில் 5.1 சதவீதம் விழுந்தது. அக்டோபர் சரிவில் கடும் புயலுக்கும் பங்குண்டு.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஜூன் மாதத்தில், நிதிச் சேவைகள் முகமையின் ஒரு குழு வெளியிட்ட அறிக்கை வீடுகளின் இரண்டாவது கணக்கை நேரடியாகத் தொட்டது. ஓய்வுபெற்ற சராசரித் தம்பதியருக்கு மாதந்தோறும் சுமார் 55,000 யென் பற்றாக்குறை. முப்பது ஆண்டுகள் வாழ்ந்தால் ஓய்வூதியத்துக்கு மேல் சுமார் 2 கோடி யென் தேவை என்றது அந்த அறிக்கை. நாடெங்கும் எழுந்த கலக்கத்தில் நிதியமைச்சர் தாரோ ஆசோ அறிக்கையை ஏற்க மறுத்தார். எண்ணை மறுப்பதால் அதைக் கேட்ட வீடுகள் அதை மறந்துவிடப் போவதில்லை. ஐம்பது வயதில் உள்ள ஒருவர் புதிய கார் வாங்குவதா, அந்த 2 கோடியை நோக்கிச் சேர்ப்பதா என்று யோசிக்கும் இடத்தில், விலைகள் ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறும் என்ற அறிவிப்புக்கு என்ன எடை இருக்க முடியும்?

குரோடா காலத்துக் கொள்கை நாடிய பணவீக்கம் கடைசியில் 2022-இல், இறக்குமதி எரிபொருளும் உணவும் விலையேறியதால், வந்தது. 2 சதவீதத்துக்கு மேல் விலைகள் ஏறுவதை இம்முறை குடும்பங்கள் எதிர்பார்த்தது மட்டுமல்ல, நேரில் அனுபவித்தன. அப்போதும் அவை வாங்கிக் குவிக்கவில்லை. 2022 ஏப்ரலிலிருந்து 2024 மே வரை இருபத்தாறு மாதங்கள் உண்மை ஊதியம் தொடர்ந்து குறைந்தது. 2023-இல் குடும்பச் செலவு உண்மை மதிப்பில் 2.6 சதவீதம் இறங்கியது. 2024 வசந்தத்தில் ஊதிய உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டி முப்பத்துமூன்று ஆண்டுகளில் இல்லாத அளவை எட்டிய பிறகே, மார்ச் 19 அன்று, வங்கிகள் தன்னிடம் வைக்கும் பணத்தின் ஒரு பகுதிக்கு வட்டி தராமல் கட்டணம் வாங்கும் எதிர்மறை வட்டியை ஜப்பான் வங்கி கைவிட்டது. விலையும் ஊதியமும் ஒன்றையொன்று உயர்த்தும் சுழற்சி உறுதிப்படுகிறது என்பதே அந்த முடிவுக்கு வங்கி சொன்ன காரணம். 2013 ஏப்ரலில் அதன் முன்னே நின்ற இலக்கு விலைக்கு மட்டுமே வைக்கப்பட்டிருந்தது.